நீர் தாங்கும் பூங்கா

நகர வெள்ளம் என்றவுடன் ஆற்றின் பெருக்கையும் கடலின் சீற்றத்தையுமே பலரும் எண்ணுவர். ஆயின், ஆறு கரை கடவாத நாளிலும் நகரம் மூழ்குவதுண்டு. சிறு பொழுதில் கொட்டும் பெருமழையைக் கல்லும் தாரும் மூடிய நிலம் உறிஞ்சாது, வடிகாலும் கொள்ளாது. மேட்டில் விழுந்த நீர் பள்ளத்தில் வாழ்வோர் வாயிலை நாடிச் செல்லும். இத்துன்பத்தைத் தணிப்பதில் ஒரு பூங்காவும் பங்கு கொள்ளலாம் என்பதற்கு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் சான்றாக விளங்குகிறது.

2011ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அந்நகரின் சில பகுதிகளில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பொழிந்தது. அங்கே மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் செல்வன. எனவே, குழாய் நிரம்பியபோது நிலத்தடி அறைகளில் புகுந்தது தூய மழைநீர் அன்று. கழிவு கலந்த நீரே. இழப்பு பல நூறு கோடி குரோனர் என மதிப்பிடப்பட்டது.

குழாய்களைப் பெரிதாக்கினால் போதாதா என்னும் வினா எழுவது இயல்பே. அரிதாக வரும் பெருமழைக்கென நகர் முழுவதும் தோண்டுவது பெருஞ்செலவாகும். ஆதலின், நீரைத் தெருவழியே நடத்திப் பூங்காக்களில் தற்காலிகமாகத் தேக்கும் முறையையும் 2012ஆம் ஆண்டின் பெருமழைத் திட்டம் ஏற்றுக்கொண்டது.

அவ்வகையில் திருத்தி அமைக்கப்பட்டதே வெஸ்டர்புரோ பகுதியிலுள்ள எங்ஹாவே பூங்கா. 1920களில் உருவான இப்பூங்கா 2019 டிசம்பரில் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பட்டது. இதன் அமைப்பு மூன்று நிலைகளை உடையது. அன்றாட மழைநீர் நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, செடிகளுக்குப் பாய்ச்ச உதவுகிறது. மழை மிகுந்தால், தாழ்த்தி அமைக்கப்பட்ட விளையாட்டுத் திடல் முதலிய பகுதிகள் நிரம்புகின்றன. மிக அரிதான பேய்மழையில் பூங்கா முழுவதும் குளமாகிறது. சுற்றிலும் எழுப்பிய தாழ்சுவர் அந்நீரைத் தடுத்து நிறுத்தும்; மற்ற நாள்களில் அச்சுவரே மக்கள் அமரும் இருக்கையாகும். இவ்வாறு 22,600 கன மீட்டர், அதாவது இரண்டேகால் கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீரை இப்பூங்கா தாங்கவல்லது. புயல் தணிந்தபின் நீர் மெல்ல வடிகாலுக்கு விடப்படும்.

இதனின்று நாம் கற்கத்தக்கவை மூன்று. முதலாவது, பூங்கா சுற்றியுள்ள தெருக்களினும் தாழ்ந்திருத்தல் வேண்டும். மண் கொட்டி மேடாக்கிய பூங்கா, நீரை வாங்காது தெருவுக்கே திருப்பிவிடும். இரண்டாவது, அடுத்த மழைக்குள் நீர் வடிந்துவிடல் வேண்டும். நிரம்பியே கிடக்கும் பள்ளம் வெள்ளத்தைத் தடுக்காது, கொசுவையே வளர்க்கும். மூன்றாவது, நீர்வழிகளில் படியும் வண்டலையும் குப்பையையும் ஆண்டுதோறும் மழைக்கு முன்னரே அகற்றுதல் வேண்டும்.

ஒரு பூங்கா மட்டுமே ஒரு நகரைக் காத்துவிடாது. எனினும், சில மணி நேரம் ஒரு திடல் மூழ்குவதால் பல குடும்பங்களின் உறைவிடம் மூழ்காது தப்புமெனில், அத்திடல் தன் கடமையைச் செவ்வனே ஆற்றியதாகும். மழையைத் தடுத்தல் நம்மால் ஆகாது. அதற்கு ஓர் இடம் ஒதுக்குதல் நம்மால் ஆகும்.