பலகையில் பெயர் எழுதுபவர்தான் லீடரா?



பள்ளி திறந்த முதல் வாரம், எல்லா வகுப்பிலும் ஒரே கேள்விதான். "இந்த வருஷம் யாரு லீடர்?" கேள்வி கேட்டவுடன் பத்துக் கைகள் மேலே பறக்கும். "நான் டீச்சர், நான் டீச்சர்" என்று ஒரே சத்தம்! தாம்பரம் சுற்று வட்டாரத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்த நான், அந்தக் கைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்த லீடர் விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பை இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். என்ன, டீச்சர்கூடத் தப்பு செய்வாரா என்று கேட்கிறீர்களா? செய்வார், நானே செய்தேன்!

ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக் கொண்டிருந்தேன். முதல் ரேங்க் வாங்கும் பையன்தான் எப்போதும் என் வகுப்பு லீடர். அவனுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. நான் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும்.

ஒருநாள் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பலகையில் ஏழு பெயர்கள். அதில் ஒரு சிறுமியின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டு, 3 என்று எழுதியிருந்தான். மூன்று முறை பேசினாளாம்! எனக்கு வந்ததே கோபம். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போய் வெளியே நில்லு" என்று அனுப்பிவிட்டேன். அவளும் தலையைக் குனிந்தபடி போய் நின்றாள்.

சாயங்காலம் மணி அடித்தது. எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் என் மேசை பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றான். மேடவாக்கம் பக்கம் கட்டட வேலைக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த குடும்பம் அவனுடையது. ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவன். கணக்கு சரியாக வராது.

"டீச்சர், அவ சும்மா பேசல. எனக்குக் கடன் வாங்கிக் கழிக்கிறது சொல்லிக் குடுத்தா" என்றான்.

கையில் ஈர்க்குச்சிக் கட்டுகள் வைத்திருந்தான். பத்துப் பத்தாக நூலால் கட்டிய நாலு கட்டு. தனியாக இரண்டு குச்சி. ஆக 42. அதிலிருந்து 17 போக வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. அதனால் ஒரு கட்டைப் பிரித்தான். இப்போது தனிக்குச்சி 12 ஆனது. அதில் ஏழை எடுத்தான், ஐந்து. மிச்சமிருந்த மூன்று கட்டில் ஒன்றை எடுத்தான், இரண்டு. "25 டீச்சர்!" என்றான். நான் ஒரு மாதமாகச் சொல்லிக் கொடுத்தும் அவனுக்கு வராத கணக்கு அது!

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வகுப்பில் லீடர் வேலையை உண்மையாகச் செய்த பிள்ளையை அல்லவா வெளியே நிறுத்திவிட்டேன்! மறுநாள் எல்லார் முன்னிலையிலும் அந்தச் சிறுமியிடம், "தப்பு என்னுடையதுதான்மா" என்று சொன்னேன். பெயர் எழுதிய பையனை நான் திட்டவில்லை. பாவம், நான் சொன்ன வேலையைத்தானே அவன் செய்தான்!

சட்டாம்பிள்ளை தெரியுமா?

உங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கும் முந்தைய காலத்தில் நம் ஊர்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரே ஒரு வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். சின்னப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் 'அ, ஆ' எழுதுவார்கள். வாத்தியார் ஒருவரே எல்லாரையும் கவனிக்க முடியுமா? அதனால், நன்றாகப் படிக்கும் பெரிய பையன் ஒருவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குத்தான் 'சட்டாம்பிள்ளை' என்று பெயர். சில சட்டாம்பிள்ளைகள் பிரம்பைச் சுழற்றியதும் உண்டு. ஆனால் அவனுடைய முக்கியமான வேலை, தனக்குத் தெரிந்ததை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான்.

இந்த மணல் எழுத்து கடல் கடந்து போன கதை தெரியுமா?

ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்தவர் ஆண்ட்ரூ பெல். 1787-ல் சென்னைக்கு வந்தார். அப்போது படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக எழும்பூரில் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1789 முதல் அதைக் கவனிக்கும் பொறுப்பு பெல்லுக்கு வந்தது. ஆசிரியர்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். என்ன செய்வது என்று தவித்தார்.

ஒருநாள் காலை அவர் குதிரையில் போகும்போது, நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், செலவே இல்லை! 'ஆகா, இது நல்ல யோசனையாயிற்றே' என்று தன் பள்ளிக்கு ஓடி வந்தார். ஆனால் அங்கிருந்த ஆசிரியர், இதெல்லாம் நடக்காது என்று கையை விரித்துவிட்டார்.

பெல் மனம் தளரவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனைக் கூப்பிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவனுக்கு வயது என்ன தெரியுமா? வெறும் எட்டு! பெரியவர் முடியாது என்றதை அந்த எட்டு வயதுப் பையன் செய்து காட்டினான். அதைப் பார்த்ததும் பெல், தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைப் பள்ளி முழுக்கக் கொண்டுவந்தார்.

ஊர் திரும்பிய பெல், 1797-ல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏராளமான பள்ளிகள் இந்த முறையைப் பின்பற்றின. அங்கே அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'மதராஸ் முறை'! நம் சென்னையின் பழைய பெயர்தான்.

இதில் குறையே இல்லையா என்றால், உண்டு. பிற்பாடு சிலர் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை மிச்சம் பிடிக்க இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்து, வெறும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதனால் போகப் போக அந்த முறை மறைந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். அதுதான் சரி. நானும் பயிற்சிப் பள்ளியில் படித்து வந்தவள்தானே! ஆசிரியர் வேலையை உங்கள் தலையில் கட்டச் சொல்ல மாட்டேன். ஆனால், பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் மனசு இருக்கிறதே, அது எந்தக் காலத்துக்கும் வேண்டும்.

திருப்பிக் கொடுப்பது

பெல் தான் சேர்த்த பெரும் பணத்தைக் கல்விக்கே எழுதி வைத்துவிட்டு 1832-ல் காலமானார். அந்தப் பணத்தில், அவர் பிறந்த ஊரில் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் மதராஸ் காலேஜ். காலேஜ் என்று சொன்னாலும் அது பள்ளிக்கூடம்தான், இன்றும் நடக்கிறது. நம் ஊர் மணலில் கற்ற பாடம், அந்த ஊருக்குப் பள்ளியாகத் திரும்பியது!

"பெல்லிடம் பணம் இருந்தது டீச்சர், கொடுத்தார். எங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். பணம் இல்லாதவர்களும் கொடுத்திருக்கிறார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, கல்வித் துறையில் நெ.து.சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தக் காரணமாக இருந்தார். முதல் மாநாடு 1958-ல் திருவள்ளூர் பக்கத்தில் இருக்கும் கடம்பத்தூரில் நடந்தது. 'நம் பள்ளிக்கு என்ன குறை?' என்று ஊர்க்காரர்களே உட்கார்ந்து பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை என்று அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

நம் தாம்பரத்திலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. 1837-ல் சென்னை நகரில் சிறு பள்ளியாகத் தொடங்கிய சென்னை கிறித்தவக் கல்லூரி, 1937-ல் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்தது. அப்போது அந்த இடம் புதர் மண்டிய வறண்ட காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். இன்று அந்த வளாகத்தில் புள்ளிமான்கள் திரிகின்றன. நட்ட கைகள் இன்று இல்லை, நிழல் இருக்கிறது. அங்கே படிக்க வரும் ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளும் அந்த நிழலில்தான் நடக்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

'படித்து முடித்து, வேலைக்குப் போய், பணக்காரன் ஆனபிறகு என் பள்ளிக்குச் செய்வேன்' என்று பலர் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்?

* உங்கள் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளை யார் என்று பாருங்கள். மதிய உணவின்போது பக்கத்தில் உட்கார வையுங்கள்.

* உங்களுக்கு நன்றாக வரும் பாடத்தை, வராத ஒருவருக்கு தினமும் பத்து நிமிடம் சொல்லிக் கொடுங்கள். விடையைக் காட்டாதீர்கள், வழியைக் காட்டுங்கள்.

* சொட்டும் குழாயை மூடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது இதற்கெல்லாம் பதவி வேண்டாம்.

* நீங்கள் லீடராக இருந்தால், ஒருவர் பெயரைப் பலகையில் எழுதும் முன், "ஏன் பேசினே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

பெரியவர்கள் ஆனபிறகும் வழி இருக்கிறது. 2024-ல் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது, முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள்.

சரி, ஈர்க்குச்சி வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்கவில்லையே!

கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்து, பிள்ளைகள் படித்ததெல்லாம் மறந்து போன நேரம். 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் சாயங்கால வேளையில் தங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்த நான், சேலையூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நடுவில் ஓர் இளம் தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

அவளேதான்! அவள் கையைப் பார்த்தேன். நூலால் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டு.

"இந்தத் தடவை வெளியே நிக்க வெச்சிடாதீங்க டீச்சர்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் கண்ணைத் துடைத்துக் கொள்ள வேண்டியிருந்தது.

குழந்தைகளே, நாளை பள்ளிக்குப் போகும்போது உங்கள் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். யாருக்காவது கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் இருக்கும். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். லீடர் பதவி உங்களுக்குக் கிடைத்ததா, இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். சரிதானே?