செகண்ட் ஹேண்ட் எஸ்.யு.வி வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

தீபாவளி சீசன் முடிந்து கணக்கு வழக்கு பார்த்த கையோடு, திருத்தங்கல், சிவகாசி பக்கம் பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். ‘இந்தத் தடவையாவது ஒரு கார் எடுத்துடலாமா?’

ஸ்ரீவில்லிபுத்தூர், இருக்கன்குடி கோயில்கள், குற்றாலம் சீசன், அவசரத்துக்கு மதுரை ஆஸ்பத்திரி என்று நாலைந்து பேராகப் புறப்பட பைக் போதாது. புதுசு வாங்க பட்ஜெட் இடிக்கும். பெரியவர்கள் குனியாமல் ஏறி உட்காரணும், ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டக் கூடாது என்று பார்த்தால், நான்கு மீட்டர் நீளத்துக்குள் வரும் சின்ன எஸ்.யு.வி-க்களில்தான் கண் போய் நிற்கும்.

எந்த கம்பெனி வண்டி என்பதைவிட, அது எப்படி ஓடியது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கும் குடும்பம் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

பெட்ரோலா, டீசலா?

உங்கள் ஒரு வாரத்து ஓட்டத்தை எழுதிப் பாருங்கள். திருத்தங்கலிலிருந்து சிவகாசிக்கு ஸ்கூல், கடை, ஆபீஸ் என்று சில கிலோமீட்டர்தான் தினசரி ஓட்டமா? அப்படியென்றால் பெட்ரோலே போதும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதி வந்தபிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதென்றால் செலவு கையைக் கடிக்கும். அடிக்கடி மதுரை, திருநெல்வேலி என்று வியாபாரத்துக்கு ஓடுபவர்களுக்கு மட்டும் டீசல் கட்டுப்படியாகும்.

சந்தையில் என்னென்ன?

மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 2016-ல் டீசலில் மட்டும் வந்தது. 2020 முதல் பெட்ரோல். டாடா நெக்ஸான் 2017-ல் வந்தது. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் அதுதான். மஹிந்திரா எக்ஸ்.யு.வி 300-ம் 2020-ல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஹூண்டாய் வென்யூ 2019-ல் வந்தது.

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட் ஓட்டுவதற்கு நல்ல வண்டி. ஆனால், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்துவிட்டது. உங்களுக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே, பாகம் வர எத்தனை நாளாகும் என்று விசாரித்துவிட்டுத் தொடுங்கள்.

குடும்பத்துக்கு எடுப்பதால் ஏர்பேக்கை எண்ணிப் பாருங்கள். முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம் என்பது எல்லாப் புதுக் கார்களுக்கும் 2022 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆரம்ப விலை வேரியன்ட்களில் சிலவற்றில் டிரைவருக்கு மட்டுமே இருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பரில் முதலில் மிக்ஜாம் புயலால் சென்னையும், இரண்டே வாரத்தில் நம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிகள் துடைத்து, பாலீஷ் போட்டு விற்பனைக்கு வரலாம். கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

* சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் சந்தேகம்தான்.
* ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியில் துருவோ மண்ணோ இருக்கிறதா பாருங்கள்.
* சீட் நகரும் தண்டவாளத்தையும் கார்ப்பெட்டுக்கு அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.
* கதவை மூடி, ஏ.சி போடாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பூஞ்சை வாடையை எந்த சென்ட்டும் முழுசாக மறைக்காது.

காலையில் போங்கள்

இன்ஜின் ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட் போடுவதைப் பார்க்க வேண்டும். பானெட்டைத் தொட்டு, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. மீட்டர் 25,000 கிலோமீட்டர் காட்டி, நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். பிரெடல் ரப்பர் தேய்ந்திருந்தாலும் அப்படியே. வண்டி நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டை எடுத்துப் பார்த்தால் உண்மையான ஓட்டம் தெரிந்துவிடும்.

அச்சகமும் பட்டாசும் தீப்பெட்டியும் ஓடும் ஊர் இது. பின் சீட்டை மடித்து பேப்பர் பண்டல் ஏற்றிய வண்டியாகவும் இருக்கலாம். டிக்கியில் கீறல், பின்பக்கம் தாழ்ந்த நிலை, குழியில் ‘டக் டக்’ சத்தம் மூன்றையும் கவனியுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று, அவருக்கு நீங்களே கூலி கொடுங்கள். விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக் வேண்டாம்.

விலை பேசும்போது

நான்கு மீட்டருக்குள், 1,200 சி.சி வரை பெட்ரோல் அல்லது 1,500 சி.சி வரை டீசல் இன்ஜின் உள்ள புதுக் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். அதற்கு முன் 28 சதவிகிதம், மேலே செஸ். ‘நான் புதுசா இவ்வளவுக்கு வாங்கினேன்’ என்று விற்பவர் சொல்லும் பழைய விலையை விட்டுவிட்டு, அதே மாடலின் இன்றைய ஷோரூம் விலையிலிருந்து கணக்கு போடுங்கள். பழைய காருக்கான கடன் வட்டி பொதுவாக அதிகம். அதையும் கூட்டினால் சில சமயம் புதுசே பக்கத்தில் வந்துவிடும்.

வெளிமாநிலப் பதிவு வண்டி மலிவாகத் தெரியும். அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே கட்டும் வாகன வரி இரண்டையும் சேர்த்தால் அந்த மலிவு இருக்காது.

பெயர் மாறினால்தான் வண்டி உங்களுடையது

‘ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியாச்சு, பெயரை அப்புறம் மாத்திக்கலாம்’ என்பதுதான் பெரிய ஆபத்து. 2007-ல் விற்ற கார் ஒன்று பல கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி-யில் பெயர் மாறவே இல்லை. இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி-யில் பெயர் உள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றவர் தலையில் சுமை விழுந்தது. அதனால் பெயர் மாற்றம் வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பாதுகாப்பு. இதைச் சொன்னால் அவரும் உங்களோடு ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு வந்து நிற்பார்.

பணம் கைமாறும் முன் பரிவாஹன் தளத்திலோ எம்-பரிவாஹன் ஆப்பிலோ வண்டி நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ், கடன் பாக்கி, அபராத சலான் எல்லாம் பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

இன்ஷூரன்ஸையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லையென்றால், உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு க்ளெய்ம் கிடைப்பது சிக்கலாகும். விற்றவரின் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ உங்களுக்கு வராது. பிரீமியம் கூடும் என்பதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

விலை பேசும்போதே ஒரு தொகையை நிறுத்தி வைத்து, உங்கள் பெயரில் ஆர்.சி வந்தபிறகு தருவதாக எழுதி, இருவரும் கையெழுத்து போட்டுக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் எவ்வளவு பளபளப்பான வண்டி இருந்தாலும், அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.