ஜெயிக்க 'வெறி' போதுமா? பிந்த்ராவின் தங்கம் சொல்லும் வேறு கதை

விளையாட்டில் ஜெயிக்க ஒரு வெறி வேணும் என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கபடியிலோ குத்துச்சண்டையிலோ அது கொஞ்சம் உதவலாம். ஆனால், 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெறியோடு போய் நின்றால் கதை முடிந்தது. அங்கே இலக்கின் மையப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். நெஞ்சு படபடத்தாலே துப்பாக்கி முனை ஆடிவிடும்.

அப்படியென்றால் இங்கே போட்டி மனநிலை என்பது என்ன? இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த அபினவ் பிந்த்ராவைப் பார்க்கலாம்.

ஆடிய தரை

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். தகுதிச்சுற்றில் 597 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். பதக்கம் உறுதி என்றே தோன்றியது. இறுதிச்சுற்றிலோ ஏழாவது இடம்தான். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று சரியாகப் பதியாமல் ஆடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

'நம்ம நேரம் சரியில்லை' என்று நொந்துகொள்ள இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பிந்த்ரா செய்தது வேறு. ஆடுகிற ஓட்டின் மேலேயே நின்று பயிற்சி எடுத்தார். அடுத்த ஒலிம்பிக்கிலும் ஓடு ஆடும் என்பதற்காக அல்ல. எது சொதப்பினாலும் உடம்பு பதறக் கூடாது என்பதற்காக. பெய்ஜிங் போவதற்கு முன் ஜெர்மனியில் சுமார் 40 அடி உயரக் கம்பத்திலும் ஏறினார். பாதியில் பயந்து நின்றவர், மீண்டும் ஏறி உச்சியைத் தொட்டார்.

'4' விழுந்த பிறகு

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். 596 புள்ளிகளுடன் நான்காவதாக இறுதிச்சுற்றுக்குள் வருகிறார். முதலிடத்தில் இருந்த ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினன் 2 புள்ளி முன்னால். போட்டிக்கு முந்தைய ஒத்திகையில் பிந்த்ரா சுட்ட குண்டு 4-இல் போய் விழுகிறது! 10-க்குக் கீழே போனாலே முகம் சுளிக்கும் மட்டத்தில் 4 என்பது பேரதிர்ச்சி. துப்பாக்கியின் குறிகாட்டி விலகியிருந்தது. கையில் இருந்ததோ சில நிமிடங்கள். யார் செய்தது, எப்படி ஆச்சு என்று யோசிக்க அது நேரமில்லை. குறிகாட்டியைத் திருப்பிச் சரிசெய்தார், அவ்வளவுதான்.

ஒன்பது குண்டுகள் முடிந்தபோது அவரும் ஹாக்கினனும் சரிசமம்: 689.7. கடைசிக் குண்டில் ஹாக்கினனுக்கு 9.7, அவர் வெண்கலத்துக்கு இறங்கினார். பிந்த்ராவுக்கு 10.8. மொத்தம் 700.5, தங்கம்.

எதிராளியை வீழ்த்தும் ஆவேசம் இதில் எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது. நடந்ததை விட்டுவிட்டு அடுத்த குண்டுக்கு வருவதுதான் இருக்கிறது. அதுவும் பிறவிக் குணம் இல்லை, பழகி வந்தது.

இதற்கும் விலை உண்டு

உங்கள் வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால் இதையும் கவனியுங்கள். தங்கம் வென்ற பிறகு தனக்குள் பெரும் வெறுமை சூழ்ந்ததாக பிந்த்ராவே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பல வருடங்கள் ஒரே இலக்கு. அது கைக்கு வந்ததும் காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தோற்றவருக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். ஜெயித்தவரிடம் 'எப்படி இருக்கே?' என்று யார் கேட்கிறார்கள்?

இத்தனை பக்குவமும் எப்போதும் பதக்கம் தந்துவிடாது. 2016 ரியோவில் மீண்டும் இறுதிச்சுற்று வரை வந்தார். சமநிலையை முறிக்கும் ஒற்றைக் குண்டில் உக்ரைன் வீரர் செர்ஹி குலிஷ் முந்தினார். பிந்த்ராவுக்கு நான்காம் இடம். அதுதான் அவருடைய கடைசி ஒலிம்பிக்.