பிரேக்கே இல்லாத பைக் ரேஸ்: ஸ்பீட்வே வீரர்கள் வளைவில் எப்படித் தப்பிக்கிறார்கள்?

பிரேக் கிடையாது. கியர் மாற்ற முடியாது. 500 சிசி இன்ஜின், அதற்குப் பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். நான்கு பேர் ஒரே நேரத்தில் கிளம்பி, மண் தடத்தில் நான்கு சுற்று சுற்றுகிறார்கள். ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் பந்தயம் முடிந்துவிடுகிறது. இதுதான் ஸ்பீட்வே. போலந்து, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் அரங்கம் நிறைய ஆட்களைக் கூட்டும் இந்த விளையாட்டு, இப்போது செல்போன் வழியாகத் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது.

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள கீழ்பென்னாத்தூரில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் ரசிகர் ஒருவர், வேலை இல்லாத நேரத்தில் பார்ப்பதெல்லாம் இந்தப் பந்தயங்களைத்தான். பட்டறைக்கு வரும் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ணா, பிரேக் இல்லாம எப்டிணா நிறுத்துவான்?" அவர் சொல்லும் பதில்: "நிறுத்துறது பத்தி யோசிக்கிறவன் அதுல ஏறவே மாட்டான். வளைக்கிறது எப்டின்னு கேளு."

பிரேக் இல்லாமல் வளைவது எப்படி?

ஸ்பீட்வே தடம் நீள்வட்ட வடிவில் இருக்கும். ஒரு சுற்று 260 மீட்டரில் இருந்து 425 மீட்டர் வரை. நம் ஊர்களில் ஓட்டப்பந்தயத்துக்கு உள்ள 400 மீட்டர் மைதானத்தைக் கற்பனை செய்துகொண்டால் போதும். வண்டிகள் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் ஓடும். அதாவது எல்லா வளைவும் இடப்பக்கம்தான்.

நேர்ப்பகுதியில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வரும் வண்டி வளைவுக்குள் நுழையும்போது, வீரர் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிடுகிறார். பின்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும். வண்டி இடது பக்கம் திரும்ப, முன்சக்கரமோ வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இரும்புத் தகடு மாட்டிய இடது காலைத் தரையில் உரசி வீரர் சமநிலை காப்பார். வண்டி குறுக்குவாட்டில் மண்ணை அள்ளி வீசிக்கொண்டு சறுக்குவதால் வேகம் தானாகக் குறைகிறது. பிரேக் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சறுக்கல் செய்கிறது.

புதியவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். பயந்துபோய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடினால், பின்சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடித்துவிடும். வண்டி நேராகி வெளிவேலியை நோக்கிப் பாயும். சறுக்கலைக் கையில் வைத்திருக்க ஆக்ஸிலேட்டர் திறந்தே இருக்க வேண்டும். "பயம் வந்தா நம்ம கை தானா மூடும். அவன் கை மூடாது. அதுக்குத்தான் வருசக்கணக்குல பழகுறான்" என்கிறார் அந்த ரசிகர்.

அப்படியென்றால் பிரேக்கை ஏன் வைக்கவில்லை? நான்கு வண்டிகள் ஒன்றை ஒன்று உரசியபடி வளைவுக்குள் போகும்போது, முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது. யாராலும் சட்டென்று நிற்க முடியாது என்பதே அங்கே எல்லோருக்கும் பாதுகாப்பு.

மெத்தனால் எதற்கு?

மெத்தனால் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கள்ளச்சாராயம்தான். பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது இதே வேதிப்பொருள். குடித்தால் விஷம், இன்ஜினுக்கோ நல்ல எரிபொருள்.

பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டர் மெத்தனாலில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய பாதிதான். ஆனால் அது எரியக் குறைந்த காற்றே போதும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் அதிக அளவு எரிபொருளை அனுப்ப முடியும். ஆவியாகும்போது உள்ளே நன்றாகக் குளிர்விக்கும். அதனால் அழுத்த விகிதத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோனாலும் இன்ஜின் 'நாக்' ஆகாது. விளைவு, ஒற்றை சிலிண்டரில் 70 குதிரைத்திறனுக்கு மேல்.

ஒப்பீட்டுக்கு நம்மூர் புல்லட்டை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்தான். இன்றைய புல்லட் 350 சுமார் 195 கிலோ எடை, 20 குதிரைத்திறன். ஒரு குதிரை பத்து கிலோவை இழுக்கிறது. ஸ்பீட்வே வண்டிக்கு விதிப்படி குறைந்தபட்ச எடை 77 கிலோ. அங்கே ஒரு குதிரைக்கு ஒரு கிலோதான் சுமை. "புல்லட் கல்யாண ஊர்வலம்னா, அது ஜல்லிக்கட்டு காளை" என்பது பட்டறைக்காரரின் கணக்கு.

ஜெயிப்பது வண்டியா, ஆளா?

ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடும் கேள்வி இது. ஆர்எக்ஸ் 100 காலத்தில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இன்ஜின் பக்கம் நிற்பார்கள். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான அந்த டூ ஸ்ட்ரோக் யமஹாவின் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம் உண்டு. வண்டி நன்றாக இருந்தால் எவனும் ஜெயிப்பான் என்பது அவர்கள் கட்சி.

ஸ்பீட்வே அதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. எல்லோரும் ஓட்டுவது ஒரே வகை வண்டி. முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். உலக சாம்பியன்ஷிப் போட்டி ஒன்றின் வழக்கமான அட்டவணையில் 16 பேர், 20 பந்தயங்கள். ஒவ்வொருவரும் ஐந்து முறை களமிறங்கி, மற்ற 15 பேரையும் ஒருமுறையாவது சந்தித்துவிடுவார்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிளம்பும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி இதில் மேலே வர முடியாது.

நியூஸிலாந்தின் ஐவன் மாகர், ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் ஆகியோர் தலா 6 முறை உலக சாம்பியன் ஆனவர்கள். போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் 2025-ல் தன் 6-வது பட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று அவர்களோடு சமமாக நிற்கிறார். இன்ஜினைச் செதுக்கித் தரும் மெக்கானிக்குக்கும் இந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டு. கீழ்பென்னாத்தூர் ரசிகர் இரண்டு பக்கமும் சாயாமல் முடிக்கிறார்: "வண்டி ஆள கேட்டு வரைக்கும் கொண்டாந்து விடும். அங்கிருந்து ஆள்தான்."

தமிழ்நாட்டில் ஸ்பீட்வே இருக்கிறதா?

பெயர் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள தடத்தின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-ல் விமான விபத்தில் இறந்த மோட்டார் பந்தய வீரர் கரிவர்தனின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. ஆனால் அங்கே இருப்பது தார்த்தடம். பிரேக், கியர் எல்லாம் உள்ள பைக்குகளும் கார்களும்தான் ஓடுகின்றன. பெயரைப் பார்த்து மண் தடப் பந்தயத்தைத் தேடிப்போனால் ஏமாற்றம்தான்.

தமிழ்நாட்டின் பந்தய வரலாறு பெரும்பாலும் தார்த்தட வரலாறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் சொந்தத் தடம் அமைத்தது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் எனச் சென்னையின் பெயர் பெற்ற வீரர்கள் ஓட்டிய தடம் அது. சென்னையைச் சேர்ந்த சரத் குமார் 2011-ல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் பங்கேற்றார்.

மண்ணில் ஓட்டுவதும் நமக்குப் புதிதல்ல. டர்ட் டிராக், சூப்பர்கிராஸ், ராலி எனப் பல வடிவங்களில் நடக்கிறது. கேரளத்தின் ஷொரனூரைச் சேர்ந்த ஹரித் நோவா, சென்னையில் தலைமையிடம் கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற அணிக்காக ஓட்டி, 2024 டக்கார் ராலியில் 'ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். பிரேக் இல்லாத ஸ்பீட்வே மட்டும் இங்கே லீக் போட்டியாக வேர்விடவில்லை.

பிரேக் இருக்கும் சாலையில் ஏன் இத்தனை மரணம்?

பட்டறைக்காரரின் பேச்சு கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் நடந்த சாலை மரணங்களில் பத்தில் ஏழுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது அதிவேகம். இந்த வண்டிகளில் எல்லாம் பிரேக் இருந்தது.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஓர் எளிய உதாரணம் உண்டு. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். எல்லோரும் மலையை வலமாகவே சுற்றுவதால்தான் அத்தனை கூட்டமும் நகர்கிறது. பாதிப் பேர் எதிரே வந்தால் என்ன ஆகும்? ஸ்பீட்வே இடப்பக்கம் சுற்றுகிறது, விதி அதேதான். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வீரர் விழுந்தால் மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டு இன்ஜின் அணைந்துவிடும். பெரிய போட்டிகளில் வளைவுகளில் காற்று நிரப்பிய தடுப்பு இருக்கும். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

அதற்காகத் தடம் என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. ஆஸ்திரேலியாவின் டார்சி வார்டு 2015 ஆகஸ்டில் போலந்தில் நடந்த ஸ்பீட்வே பந்தயத்தில் விழுந்து, நடக்கும் திறனை இழந்தார். இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஆகஸ்டில் நடந்த பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எத்தனை வயதில் பந்தயத்தில் இறக்கலாம் என்ற கேள்வியை அந்த மரணம் எழுப்பியது. விதி, கவசம், மருத்துவர் எல்லாம் இருந்தும் இப்படி என்றால், இவை எதுவுமே இல்லாத நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி, பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விட்டால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்ந்து விதிக்கலாம். மீண்டும் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் என உயரும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வாகனக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவு பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீது பாயும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து.

முறையாகப் பந்தயம் ஓட்ட விரும்புபவர் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பிடம் போட்டி உரிமம் பெற வேண்டும். தார்த்தடம் தேடி வட மாவட்ட இளைஞர் இருங்காட்டுக்கோட்டைக்குத்தான் போயாக வேண்டும். பயிற்சி, கவச உடை, டயர், போக்குவரத்து என்று செலவு வேறு.

"பையன திட்டுறது சுலபம். 'ரோட்ல ஓட்டாத'ன்னு எல்லாரும் சொல்றோம். எங்க ஓட்டணும்னு யாராவது சொல்றோமா?" என்று கேட்கிறார் அவர். அவருடைய யோசனையும் எளிமையானதுதான். ஸ்பீட்வே போன்ற மண் தடத்துக்குப் பல கிலோமீட்டர் தார் தேவையில்லை. ஒரு விளையாட்டு மைதானத்தின் அளவு இடம் போதும். மாவட்டத்துக்கு ஒன்று அமைத்து, உரிமம் பெற்ற பயிற்சியாளரையும் ஆம்புலன்ஸையும் நிறுத்தினால், வேகத்தின் மீதுள்ள ஆசைக்கு ஒரு வாசல் கிடைக்கும். கால்பந்துக்கும் கபடிக்கும் மைதானம் கேட்பது போலத்தான் இதுவும். அது வரும்வரை பட்டறைக்கு வரும் பையன்களிடம் அவர் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "அவனுக்குப் பிரேக் தேவையில்ல, ஏன்னா எதிர்ல யாரும் வரமாட்டாங்க. உனக்கு எதிர்ல பஸ் வருது. பாத்துப் போ."