காற்றுக்கவையின் நம்பகம்: மலைப்பாதை மிதிவண்டி பற்றிய ஒரு விளக்கம்

மிதிவண்டியின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் உறுப்பை ஆங்கிலத்தார் முட்கரண்டியின் பெயரால் அழைக்கின்றனர். தமிழில் அதற்குக் கவை என்னும் பழஞ்சொல் உண்டு. மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை எனப்படும். கவைக்கோல், கவட்டை ஆகிய சொற்களை நாம் இன்றும் அறிவோம். நம் நாட்டுப் பட்டறைகளில் ‘ஃபோர்க்’ என்றும் ‘அப்சார்பர்’ என்றும் வழங்கும் இவ்வுறுப்பை இவ்வுரை கவை என்றே குறிக்கும். அதிர்ச்சியை ஏற்பதற்கு எஃகுச் சுருளைக் கொண்டது சுருள்விற்கவை. அடைத்து வைத்த காற்றைக் கொண்டது காற்றுக்கவை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மலைப்பாதை மிதிவண்டி ஓட்டுவோரிடையே நெடுநாளாக ஒரு வினா உலவுகின்றது. எடை மிகக் குறைந்த காற்றுக்கவையை நம்பலாமா? சில ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள பொருள் அது. அதைவிட முக்கியமாக, இறக்கத்தில் விரையும்போது ஓட்டுநரின் பற்களும் தோளெலும்பும் அதனையே சார்ந்துள்ளன. ஆகவே இவ்வினாவிற்கு விருப்பு வெறுப்பின்றி விடை காண்பது பயனுடையது.

கவை வந்த வழி

மலைப்பாதை மிதிவண்டிகள் தொடக்கத்தில் அசையாத எஃகுக் கவையையே கொண்டிருந்தன. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் ஆகிய இருவரும் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தை நிறுவினர். அந்நிறுவனத்தின் முதற்கவையே காற்றும் எண்ணெயும் கொண்டதாய் இருந்தது. 1990இல் கொலராடோ மாநிலத்தின் துராங்கோ நகரில் முதல் உலக மலைப்பாதை மிதிவண்டிப் போட்டி நடந்தபோது, மீள்கவையின் பயனைப் போட்டியாளர் பலரும் கண்டனர். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் குறுக்குநாட்டு மலைப்பாதைப் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

குறுக்குநாட்டுப் போட்டியில் ஏற்றம் மிகுதி. ஏற்றத்தில் ஒவ்வொரு நூறு கிராமும் ஓட்டுநரின் கால்களுக்குச் சுமை. எனவே 1990களின் பிற்பகுதியில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் ‘சிட்’ என்னும் மெல்லிய காற்றுக்கவையை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். அக்காலத்தில் அது வியப்புக்குரிய அளவு. ஆயினும், இலேசான கவை வளையும், காற்றுக் கசியும் என்னும் ஐயமும் அக்காலத்திலேயே தோன்றியது. அந்த ஐயத்திற்கு அடிப்படை உண்டா என்பதை அறிய, கவையின் உள்ளமைப்பைக் காண வேண்டும்.

உள்ளே நிகழ்வது

கவையின் மேற்குழல்கள் இரண்டும் கீழ்க்குழல்களுக்குள் ஏறி இறங்குகின்றன. ஒரு குழலில் காற்றறை உள்ளது. மற்றொன்றில் எண்ணெய் நுண்துளைகளின் வழியே பாய்ந்து, துள்ளலை அடக்கும் தணிப்பி உள்ளது. சக்கரம் வேர்மீது ஏறும்போது காற்றறை சுருங்குகிறது. வெப்பநிலை மாறாதெனக் கொண்டால், அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகும்போது அழுத்தம் இருமடங்காகும். மூன்றில் ஒன்றாகும்போது மும்மடங்காகும். இது பாயில் கண்ட விதி. எஃகுச் சுருள் ஒரே சீராக எதிர்க்கும். காற்றோ முடிவை நெருங்க நெருங்க மேன்மேலும் கடுமையாக எதிர்க்கும். சிறிய கவையும் பெரிய அடியைத் தாங்குவதற்கு இதுவே காரணம்.

காற்றின் மற்றொரு நன்மை, ஓட்டுநரின் எடைக்கேற்ப அதை மாற்றிக்கொள்ள முடிவது. 55 கிலோ எடையுள்ள மாணவரும் 95 கிலோ எடையுள்ள தந்தையும் ஒரே கவையைப் பயன்படுத்தலாம். சிறிய காற்றடிப்பான் ஒன்று போதும். சுருள்விற்கவையாயின் சுருளையே மாற்ற வேண்டும்.

இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. எஃகுச் சுருள் கசிவதில்லை, காற்று கசியும். அதைத் தடுப்பவை சில மில்லிமீட்டர் தடிப்புள்ள அடைப்பு வளையங்கள். வளையம் இறுகினால் காற்று நிற்கும். ஆனால் உராய்வு மிகுந்து, சிறு கற்களின் அதிர்வு கைக்கு வந்து சேரும். வளையம் தளர்ந்தால் கவை வழுக்கிச் செல்லும்; ஆனால் காற்று குறையும். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இணக்கத்தைத் தேடுவதே கவை வடிவமைப்போரின் முதற்பணி.

இவ்வுராய்வை வெல்லும் பொருட்டு, முதன்மை அறைக்கு எதிரே மற்றொரு சிறிய காற்றறையும் அமைக்கப்படுகிறது. அதனை எதிரறை என்போம். அது கவையைச் சற்றே கீழ்நோக்கி இழுத்து, தொடக்க அசைவை எளிதாக்குகிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள வளையம் பழுதுற்றால், காற்று எதிரறைக்குள் புகுந்து கவையைக் கீழே இழுத்து நிறுத்திவிடும். காற்று முழுவதும் வெளியேறிய கவையும், உயரம் குறைந்து கீழிறங்கிய கவையும் ஒன்றல்ல. முன்னதில் வெளிவளையத்தையோ அடைப்பிதழையோ நோக்க வேண்டும். பின்னதில் நடுவளையத்தை நோக்க வேண்டும்.

பால்மரமும் அடைப்பு வளையமும்

கோலாலம்பூரின் புகழ்பெற்ற மலைப்பாதைகள் புக்கிட் கியாராவில் உள்ளன. அக்குன்று முன்னாளில் ரப்பர் தோட்டமாய் இருந்தது. அங்கே பால் வெட்டிய குடும்பங்களுள் பல தமிழ்க் குடும்பங்கள். நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட பின் அவை தற்காலிக வரிசை வீடுகளுக்கு மாற்றப்பட்டன. இன்றும் அக்காட்டில் பழைய பால்மரங்கள் நிற்கின்றன. பாதையின் குறுக்கே ஓடும் வேர்கள்தாம் அங்கு வரும் கவைகளுக்கு முதற்சோதனை.

அப்பாலில் பிறந்த இயற்கை ரப்பர் கவையின் அடைப்பு வளையத்திற்கு ஏற்றதன்று என்பது பலர் அறியாத செய்தி. இயற்கை ரப்பரின் நெகிழ்ச்சி மிகச் சிறந்தது. எனினும் தாது எண்ணெயில் ஊறினால் அது பருத்து மென்மையாகிவிடும். ஆகவே எண்ணெயை எதிர்க்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்களால் வளையங்கள் செய்யப்படுகின்றன. மலேசியத் தொழிற்சாலைகள் உலகுக்கு அனுப்பும் கையுறைகளில் பெரும்பகுதியும் அதே நைட்ரைலால் ஆனதுதான். அந்நைட்ரைலும் எல்லாத் திரவங்களையும் பொறுப்பதில்லை. கிளைக்கால் அடிப்படையிலான தடைத் திரவம் அதைப் பருக்கச் செய்யும். துருநீக்கித் தெளிப்பானைத் துடைவளையத்தின்மீது அடித்தால் அங்குள்ள பசை கரைந்துவிடும். அதன் பின் மண் உள்ளே புகுவதற்குத் தடையில்லை.

நம் மண்ணும் மழையும்

கவையை உருவாக்குவோர் தரும் பராமரிப்பு அட்டவணை உலகெங்கும் ஒன்றே. ஆனால் வானிலை ஒன்றன்று. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பகலில் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தொடுவது இயல்பு. செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸின் வரலாறே இப்பள்ளத்தாக்கின் களிமண்ணுக்குச் சான்று. ஈரமான களிமண் மேற்குழலில் ஒட்டி உலர்கிறது. அடுத்த அசைவில் அது துடைவளையத்தின் இதழுக்கடியில் சேர்கிறது. களிமண்ணோடு கலந்துள்ள நுண்மணல் உப்புத்தாள் போல் மேற்குழலைத் தேய்க்கிறது. மேற்குழலின் கடினமான மேற்பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்து அலுமினியம் வெளிப்பட்டால், அவ்விடத்தைப் பழைய நிலைக்குக் கொணர்வது கடினம்.

கீழ்க்குழலுக்குள் உயவுக்காக ஊற்றப்படும் எண்ணெயின் அளவு, எடை குறைந்த கவைகளில் ஓரிரண்டு தேக்கரண்டியே. அதனுடன் சிறிது மழைநீர் கலந்தாலும் எண்ணெய் பால்போல் வெளுத்து உயவுத்தன்மையை இழக்கும். கனத்த கவையில் எண்ணெய் சற்று மிகுதி; தவற்றைப் பொறுக்கும் ஆற்றலும் மிகுதி. எடை குறைந்த கவை நம்பத்தகாதது என்னும் பெயர் பெரும்பாலும் இங்கிருந்தே எழுகிறது. பொருள் வலுவற்றதாயிருப்பது வேறு. தவற்றைப் பொறுக்காதிருப்பது வேறு.

கிள்ளான் துறைமுகப் பகுதியில் வாழ்வோர்க்கு மற்றொரு கவலையும் உண்டு. பல கவைகளின் கீழ்க்குழல்கள் மெக்னீசியக் கலவையால் ஆனவை. மெக்னீசியம் இலேசானது, ஆனால் உப்புநீரில் எளிதில் அரிக்கப்படும். வண்ணப்பூச்சு கீறப்பட்ட இடத்தைக் கடற்காற்று தாக்காதவாறு உடனே மூடுவது நல்லது.

வெப்பமும் கணக்கில் வர வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையில், 22 பாகையில், ஒருவர் 80 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்தாரெனக் கொள்வோம். வண்டியை வெயிலில் நிறுத்திக் கவை 40 பாகையை அடைந்தால், அளவுமானி ஏறத்தாழ 86 பிஎஸ்ஐ காட்டும். கவை திடீரெனக் கடினமானதுபோல் தோன்றும். குற்றம் கவையில் இல்லை. இதற்கு மாறாக, காற்றடிப்பானை இணைத்தவுடன் அழுத்தம் குறைந்து காணப்படுவதும் உண்டு. கவையிலிருந்த காற்றில் ஒரு பகுதி அடிப்பானின் குழாயை நிரப்பியதே அதற்குக் காரணம். அதனைக் கசிவென்று கருதிக் கவையைப் பிரிப்பது வீண்செலவு.

வளைவும் முறிவும்

கசிவு தொல்லை தரும்; முறிவு உயிருக்கே ஊறு செய்யும். இரண்டையும் ஒரே சொல்லால் ‘பழுது’ என்று கூறுவதால்தான் குழப்பம் நேர்கிறது. காற்றுக் கசியும் கவை பெரும்பாலும் மெல்லத் தாழ்ந்து எச்சரிக்கை தருகிறது. முடிப்பகுதியிலும் திசைத்தண்டிலும் உண்டாகும் வெடிப்பு அவ்வாறு காத்திருப்பதில்லை.

வளைவை எதிர்க்கும் வலிமை குழலின் விட்டத்தைப் பொறுத்தது. சுவரின் தடிப்பு மாறாதெனில், அவ்வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 28 மில்லிமீட்டர்க் குழலை 32 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். 32ஐ 35 ஆக்கினால் மேலும் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உயரும். ஆரம்பகால மெல்லிய கவைகள் 28 மில்லிமீட்டர் அளவிலான குழல்களைக் கொண்டிருந்தன. 2020இல் வெளிவந்த ‘சிட்’ கவை 35 மில்லிமீட்டர்க் குழலைப் பெற்றது. அதைவிட இலேசான வகைக்கு 32 மில்லிமீட்டர் அளவே தொடர்ந்தது. எனவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எழுந்த குறையை இன்றைய கவையின்மேல் அப்படியே ஏற்றுவது முறையன்று. அதே வேளையில், குறுக்குநாட்டு ஓட்டத்திற்கென வடிக்கப்பட்ட கவையைக் கொண்டு உயரத்திலிருந்து குதிப்பதும் முறையன்று. அது எத்தகைய அடிகளுக்காகக் கணக்கிடப்பட்டதோ அவற்றுக்கே அதனை நம்பலாம்.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை

உற்பத்தியாளர் சிலர் 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை கீழ்க்குழலைக் கழற்றித் தூய்மை செய்து எண்ணெய் மாற்றுமாறு கூறுகின்றனர். ஞாயிறு தோறும் மூன்று மணி நேரமும் வாரநாளில் இரண்டு மணி நேரமும் ஓட்டுபவருக்கு அது பத்தே வாரத்தில் வந்துவிடும். ஆண்டுக்கு ஐந்து முறை. மழைமிகு மாதங்களில் இன்னும் விரைவாகச் செய்வது அறிவுடைமை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பட்டறைக்குச் செல்பவர் மெல்லிய கவையை வாங்குமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் மேற்குழலை ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். உயரழுத்த நீர்ப்பீச்சலை வளையத்தின்மேல் செலுத்துதல் கூடாது. அது மண்ணைக் கழுவுவதற்கு மாறாக உள்ளே தள்ளும். ஓட்டுநர் ஏறி அமர்ந்தபோது கவை தன் பயணத்தில் 15 முதல் 20 விழுக்காடு தாழ்கிறதா என்று பார்க்க வேண்டும். 100 மில்லிமீட்டர்க் கவைக்கு அது 15 முதல் 20 மில்லிமீட்டர். முன்தடையைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ‘கிரீச்’ என்னும் ஒலி முடிப்பகுதியிலிருந்து எழுந்தால், அதைத் திறமையுள்ள பட்டறையாளரிடம் காட்டாமல் மீண்டும் இறக்கத்தில் செலுத்தக் கூடாது. பழைய கவையை வாங்குவோர் மேற்குழலின் பின்புறத்தை விரல் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கும் கீறல் இருக்குமாயின் விலை எவ்வளவு குறைந்தாலும் அதனை விடுவதே நன்று.

தொடக்க வினாவிற்கு இப்போது விடை கூறலாம். எடை குறைந்த காற்றுக்கவை, அதற்குரிய ஓட்டத்தில், உரிய காலத்தில் பேணப்பட்டால், நம்பத்தக்கதே. போட்டியில் பங்கேற்பவருக்கும் ஏற்றங்களை விரும்புபவருக்கும் அது தகும். மழையில் நாள்தோறும் ஓட்டிப் பேணுவதற்கு நேரம் இல்லாதவரும், எடை மிகுந்தவரும், குதித்து இறங்க விரும்புபவரும் முந்நூறு நானூறு கிராம் கூடுதலாயினும் பருத்த குழலுடைய கவையைத் தேர்வது நலம். கடைக்குச் செல்லுமுன் தம் ஓட்ட நேரத்தையும் எடையையும் பாதையின் தன்மையையும் ஒரு தாளில் குறித்துச் செல்க. விற்பவரிடம் கவையின் எடையைக் கேட்பதோடு நில்லாமல், அதன் அடைப்பு வளையத் தொகுப்பு இங்கே கிடைக்குமா என்றும் கேட்க. உதிரி உறுப்பு கிடைக்காத கவை, எத்துணைச் சிறந்ததாயினும், முதற்கசிவோடு மூலையில் சாய்த்து வைக்கப்படும்.