கடல் கடந்த மக்களும் காத்திருக்கும் பெற்றோரும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து இமாம் துஆவுக்குக் கையேந்தும் முன்னர், அவர் கையில் சிறு சிறு துண்டுச் சீட்டுகள் வந்து சேர்வது நம் கடற்கரை ஊர்களில் நெடுநாளைய வழக்கம். கடன் தீர வேண்டும், நோய் குணமாக வேண்டும், பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்னும் வேண்டுதல்களுக்கு நடுவே, பிள்ளையின் பெயரையும் அவன் வேலை பார்க்கும் ஊரின் பெயரையும் எழுதி, ‘ஸஃபரில் இருக்கிறான், துஆச் செய்யவும்’ என்று முடித்த சீட்டுகள் எப்போதும் இருக்கும். முன்பு பினாங்கு என்றும் கொழும்பு என்றும் எழுதினார்கள். பிறகு தமாம், துபாய் என்று எழுதினார்கள். இன்று பெங்களூரும் சிட்னியும்கூட அச்சீட்டுகளில் இடம்பெறுகின்றன. சீட்டை எழுதிய வாப்பாவோ உம்மாவோ தமக்கென்று ஒன்றும் கேட்பதில்லை. பிள்ளைகளில்லாத வீட்டில் நாங்கள் எவ்வாறு நாட்களைக் கழிப்பது என்று அவர்கள் மார்க்கத்திடம் கேட்பதும் இல்லை. கேட்டால் சொல்வதற்கு மார்க்கத்தில் நிறைய இருக்கிறது.

பிரிவு நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ‘ஸஃபர்’ என்ற அரபுச் சொல்லை எடுத்து, பயணம் போய் வந்தவரைச் ‘சபுராளி’ என்று அழைத்த ஊர்கள் நம்முடையவை. சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தோன்றிய ஆண்டு 1826. அதற்கும் முன்னரே சோழமண்டலக் கரையில் எத்தனை தாய்மார்கள் கப்பலைப் பார்த்தபடி நின்றிருப்பார்கள்! நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பலும், அதற்குப் பின் ‘சிதம்பரம்’ கப்பலும் நம் மக்களைச் சுமந்து சென்றன. 1985இல் ‘சிதம்பரம்’ தீக்கிரையானதோடு அந்தக் கப்பல் வழியும் நின்றது. அதற்குள் வளைகுடா நாடுகளின் எண்ணெய் வளம், 1973க்குப் பிறகு, நம் இளைஞர்களை மேற்குத் திசைக்கு இழுக்கத் தொடங்கியிருந்தது.

அந்நாளில் கடிதம் ஒன்று வந்து சேரப் பல நாட்களாகும். தமிழெழுத்துப் பயிலாத பெண்மக்கள், ஓதக் கற்ற அரபெழுத்திலேயே தமிழை எழுதிக் கணவருக்கும் மகனுக்கும் அனுப்பினார்கள். அரபுத் தமிழ் நம் வீடுகளில் வாழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் ஒலிநாடாவில் பேசி அனுப்பும் காலம் வந்தது. இன்றோ பேரனின் முகத்தைக் கைப்பேசியில் கண்டு பேசுகிறோம். வசதி பெருகப் பெருகப் பொறுமை சுருங்கிவிட்டதை என்னவென்பது! ஒரு மாதம் கடிதத்திற்குக் காத்திருந்த தாயின் மகள், இன்று தான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் இரண்டு கோடுகள் நீலமாகவில்லையே என்று அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிள்ளையை நினைத்து அழுவது ஈமானின் குறைவன்று. நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் யூஸுஃப் அத்தியாயத்தில் விரித்துரைக்கிறது. மகனைப் பிரிந்த துயரத்தால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின. இப்படியே நினைத்து நினைத்து உருகி அழிந்து போவீர்களே என்று வீட்டார் கடிந்து கொண்டபோது, தம் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் விடையளித்தார்கள். அழுகையை இறைவன் கண்டிக்கவில்லை. அழகிய பொறுமை என்று அவர்களே பெயரிட்ட பொறுமைக்குள் அந்தக் கண்ணீரும் அடங்கியிருந்தது. அவர்கள் மூலையில் முடங்கிவிடவுமில்லை. மற்றப் பிள்ளைகளை எகிப்துக்கு அனுப்பும்போது எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாதீர்கள் என்று புத்தி சொன்னார்கள்; யூஸுஃபைத் தேடிச் செல்லுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மீண்டும் அனுப்பினார்கள். கண் மங்கிய நிலையிலும் குடும்பத்தை நடத்தியவர்கள் அவர்கள்.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். துபாயில் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு அறைக்குத் திரும்பிய பிள்ளை, “உம்மா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறான். “சாப்பாடு எங்கே இறங்குது? நீ வரும்போது நான் இருப்பேனோ என்னவோ” என்று உம்மா சொல்கிறார்கள். பாசத்தில் வந்த பேச்சுத்தான். ஆனால் அன்றிரவு அவனுக்கு உறக்கமில்லை. அவன் நினைத்தவுடன் புறப்பட்டு வரக்கூடியவனும் அல்லன். அவனுடைய விடுமுறை முதலாளியின் கையில் இருக்கிறது. யஃகூப் நபியவர்கள் அல்லாஹ்விடம் இறக்கிவைத்த பாரத்தை, நாம் பிள்ளையின் தலையில் ஏற்றி வைக்கிறோம். தஹஜ்ஜுதில் கொட்ட வேண்டிய கண்ணீரைத் தொலைபேசியில் கொட்டிவிடுகிறோம்.

ஸைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் தந்தையைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. கல்பு கோத்திரத்துச் சிறுவராயிருந்த ஸைது கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, கதீஜா நாயகி (ரலி) அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். நாயகியோ அவரைத் தம் கணவருக்கு அன்பளிப்பாக வழங்கினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அப்போது நுபுவ்வத் அருளப்படவில்லை. மகன் உயிரோடிருக்கிறானா என்றும் அறியாமல் தந்தை ஹாரிஸா புலம்பித் திரிந்தார். மக்காவில் இருக்கும் செய்தி கிட்டியதும் மீட்புப் பொருளை எடுத்துக் கொண்டு தம் சகோதரருடன் ஓடி வந்தார். பொருள் எதுவும் வேண்டாம், முடிவை ஸைதிடமே விடுவோம், அவர் உங்களைத் தேர்ந்தால் அழைத்துச் செல்லுங்கள் என்றார்கள் பெருமானார். வளர்ந்துவிட்ட மகன், தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இவர்களை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்!

அந்தத் தந்தையின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்? எத்தனையோ காலம் தேடி அலைந்து கண்ட மகன் அல்லவா? முதலில் அவர் திடுக்கிட்டார். சுதந்திரத்தையும் பெற்றோரையும் விட்டு அடிமைத்தனத்தையா தேர்கிறாய் என்று கேட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் ஸைதைக் கஃபாவின் அருகே அழைத்துச் சென்று, இவர் என் மகன் என்று மக்கள் முன் அறிவித்தார்கள். தம் பிள்ளை எங்கே, எந்த நிலையில், யாருடைய நிழலில் இருக்கிறான் என்பதைக் கண்ணாரக் கண்ட ஹாரிஸா மனம் தெளிந்து ஊர் திரும்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மகனைத் தம்மோடு கொண்டு போகவில்லை. ஆயினும் நிம்மதியைக் கொண்டு போனார். பிள்ளை நலமாகவும், நல்லவர் நடுவிலும் இருக்கிறானா என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி. மாதம் எவ்வளவு அனுப்புகிறான் என்பதை நம்மில் சிலர் அதற்கும் முன்னால் கேட்டுவிடுகிறோம்.

அப்படியானால் பெற்றோர் அழுதாலும் பிள்ளை போய்விடலாமா என்று கேட்பீர்கள். ஹிஜ்ரத் செய்து வருவதாக வாக்களிக்க வந்த ஒருவர், தம் தாய் தந்தையரை அழும் நிலையில் விட்டு வந்ததாகச் சொன்னபோது, திரும்பிச் செல்லும், அழவைத்தவர்களைச் சிரிக்க வையும் என்று நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் மறக்கக் கூடாத ஹதீது அது. பெற்றோருக்கு ஊழியம் செய்ய வேறு ஆளில்லை, முதுமையாலும் நோயாலும் அவன் துணையின்றி அவர்கள் தவிப்பார்கள் என்னும் நிலையில், அவர்களை விட்டுச் செல்வது அவனுக்கு ஆகாது. ஆனால் பயணம் ஆபத்தில்லாததாகவும், பெற்றோர் அவனுடைய ஊழியத்தை நம்பி நிற்காதவர்களாகவும் இருப்பின், ஹலாலான சம்பாத்தியத்திற்காகப் போகிறவனைத் தடுக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை என்று ஹனஃபீ சட்ட நூல்கள் கூறுகின்றன. சம்மதம் பெற்றுச் செல்வது சிறப்பு என்பது வேறு. திடகாத்திரமாக நடமாடும் ஐம்பது வயதுத் தந்தை, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்பதற்காக மகனின் வேலையை விடச் சொல்வது நியாயமாகாது.

இன்று பல வீடுகளில் எழும் மற்றொரு கேள்வி, பிள்ளை இருக்கும் ஊருக்கே போய்விடுவதா, சொந்த ஊரிலேயே இருப்பதா என்பது. நபிமார்களின் வாழ்வில் இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. யஃகூப் நபியவர்கள் முதுமையில் குடும்பத்தோடு கன்ஆனை விட்டு மகனிருந்த எகிப்துக்கே குடிபெயர்ந்தார்கள். மகனின் ஊரில் இருப்பதைத் தம் மதிப்புக்கு இழுக்காக அவர்கள் கருதவில்லை. இப்ராஹீம் நபி (அலை) அவர்களோ மக்காவில் விட்டு வந்த மகன் இஸ்மாயீலைத் தொலைவிலிருந்து வந்து பார்த்துச் சென்றார்கள். புகாரீ ஷரீஃபில் அந்தச் செய்தி இருக்கிறது. முதல் முறை வந்தபோது மகன் இரைதேடி வெளியே போயிருந்தார். மருமகளோ வறுமையை எண்ணிக் குறைப்பட்டுக் கொண்டாள். இரண்டாம் முறையும் மகன் வீட்டில் இல்லை; அப்போதிருந்த மருமகள் அல்லாஹ்வைப் புகழ்ந்து, இறைச்சியும் தண்ணீரும் உண்டென்று சொன்னாள்; அவர்கள் அதில் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். இரண்டு முறையும் மகனைக் காணாமலேயே, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இத்தனை தூரம் வந்தேனே, நீ வீட்டில் இல்லையே என்ற கோபம் அங்கே இல்லை. மூன்றாம் முறை, ஸம்ஸம் அருகே மரத்தடியில் இஸ்மாயீல் அம்பு சீவிக் கொண்டிருக்கக் கண்டார்கள். தந்தையும் மகனும் தழுவிக் கொண்டார்கள். கஃபாவை எழுப்பும் பணி தொடங்கியது அந்தச் சந்திப்பில்தான்.

(முதல் மருமகளைப் பற்றி, வாசற்படியை மாற்றும்படி இப்ராஹீம் நபியவர்கள் குறிப்பாகச் சொல்லிப் போனதை எடுத்துக் கொண்டு, மகனின் குடும்பத்தைப் பிரிக்க நினைக்கும் பெற்றோர் யாரேனும் இருந்தால், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் வந்தவனின் செய்தியைக் கேட்கட்டும். உமர் (ரலி) அவர்கள் தம் மகனிடம் மனைவியைத் தலாக் விடச் சொன்னார்களே, என் தந்தையும் அவ்வாறு சொல்கிறார் என்றான் அவன். உன் தந்தை உமரைப் போல ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று இமாம் சொல்லிவிட்டார்கள்.)

என் அபிப்பிராயம் இதுதான். கால் நடக்கும்வரை, பழகிய பள்ளிவாசலும், ஸலாம் சொல்லும் தெருவும், முன்னோரின் கபுருகளும் உள்ள ஊரில் இருப்பதே முதியோருக்கு நலம். எங்கோ பத்தாவது மாடியில், மொழி புரியாத அயலாருக்கு நடுவே, மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் சுவரைப் பார்த்துக் கொண்டிருப்பது பெரும் சோதனை. ஆனால் பிறர் கைப்பிடித்துத்தான் எழ வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. யஃகூப் நபியைப் போலப் புறப்பட்டுவிட வேண்டும்.

ஊரில் இருப்போரின் நாட்கள் வெறுமனே கழியவும் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட கைகளால் அண்டைவீட்டு நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சலாம். ஓதத் தெரிந்த உம்மா தெருக் குழந்தைகள் நால்வரைச் சேர்த்து அலிஃப், பே சொல்லிக் கொடுக்கலாம். வாப்பா, தமக்கிருக்கும் நேரத்தில் ஜமாஅத்தின் ஜகாத் கணக்கைப் பார்க்கலாம். ஐவேளையும் பள்ளிக்குப் போகிறவரைத் தேடிப் பத்துப் பேர் வருவார்கள். ஒரு வக்து காணவில்லை என்றால் கதவைத் தட்டுவார்கள். தனித்து வாழும் முதியோருக்கு இதைவிடப் பெரிய காவல் ஏது?

மறுக்கப்படாத துஆக்கள் மூன்று என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அநீதியிழைக்கப்பட்டவனின் துஆ, பயணியின் துஆ, பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கும் துஆ. அவற்றுள் இரண்டு ஒரே குடும்பத்தில் அமைந்திருக்கின்றன. பிள்ளை அங்கிருந்து கேட்கிறான். நீங்கள் இங்கிருந்து கேட்கிறீர்கள்.

இனி, பேசக் கூசும் ஒரு விஷயம். 1990இல் குவைத்தில் போர் மூண்டபோதும், 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோதும், வரவே முடியாமல் பிள்ளைகள் தவித்ததைக் கண்டோம். பெற்றோரின் ஜனாஸாவைத் தொலைவிலிருந்தே பார்த்தவர்கள் பலர். ஆகவே சில காரியங்களை இப்போதே செய்து வையுங்கள். நோயை மறைக்காதீர்கள், அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு செய்தி சொல்வது அன்பாகத் தோன்றும், ஆனால் அடுத்த முறை நீங்கள் நலம் என்று சொன்னாலும் அவன் நம்பமாட்டான். யாருக்குத் தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், அமானிதம் எது என்பதை எழுதி வையுங்கள். வஸிய்யத்துச் செய்ய வேண்டிய பொருளுள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிப்பது தகாது என்பது நபிமொழி. மகன் வரும்வரை மையித்தைக் குளிர்பெட்டியில் நாட்கணக்கில் வைத்திருக்க வேண்டாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொல்லிவிட்டால் பின்னால் அவன் மனம் வருந்தாது. ஜனாஸாவை விரைவுபடுத்துவதே சுன்னத். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷிக்காக மதீனாவிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தியதை ஆதாரமாகக் கொண்டு, தொலைவிலிருந்தே மறைவான ஜனாஸாத் தொழுகை தொழலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபீ மத்ஹபில் அது இல்லை. அவர்கள் துஆவும் தர்மமும் செய்து நன்மையைச் சேர்த்து வைக்கலாம்.

விடுமுறையில் வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் மஸ்அலா ஒன்று. பத்து நாள் மட்டும் தங்குகிறேன், நான் முஸாஃபிர்தானே, லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழலாமா என்பார்கள். வேலைக்காக அயலூரில் தங்கியிருக்கிறானே தவிரச் சொந்த ஊரை அவன் விட்டுவிடவில்லை என்றால், ஊரின் எல்லைக்குள் நுழைந்ததுமே அவனுடைய பயணம் முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு நாள் தங்கினாலும் நான்கு ரக்அத்தே தொழ வேண்டும். அவனைப் பார்க்கத் துபாய்க்குச் செல்லும் வாப்பாதான், அங்கே தங்க நாடிய நாட்கள் ஹனஃபீக்குப் பதினைந்தும், ஷாஃபிஈக்குப் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கும் ஆகாதிருந்தால், சுருக்கித் தொழக் கூடிய முஸாஃபிர்.