மூத்த வீரரும் புதிய குழுவும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் ஹாக்கிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் தன்ராஜ் பிள்ளையிடம் வந்து நிற்கிறது. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்கு, முப்பத்தாறு வயதில் அவரைக் குழுவில் வைத்துக்கொண்டது சரிதானா என்னும் வழக்கு இருபதாண்டுகள் கடந்தும் நம்மிடையே தீரவில்லை. 'நம்மவர்' என்ற சொல்லே இவ்வழக்கைக் கெடுக்கிறது என்பது நம் கருத்து. அதை விலக்கி வைத்துப் பார்ப்போம்.

விலக்குவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். புனேயை அடுத்த கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் மைதானத்தைப் பராமரித்து வந்த தமிழர் ஒருவரின் மகனாக 1968-இல் பிறந்தவர் அவர். உடைந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டி ஆடிப் பழகியவர். அயலூர்க் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது யாருடைய கதையோ என்று தோன்றுமா?

எதிர்த்தரப்பின் வாதம் வலுவுள்ளதே. 2001-இல் ஹோபர்ட் நகரில் அர்ஜென்டினாவை 6-1 என்று வென்று இளையோர் உலகக் கோப்பையைக் கொணர்ந்த ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர் முதலியோரைக் கொண்டு புதிய குழு உருவாகிக்கொண்டிருந்தது. ஒலிம்பிக்கிற்குச் செல்வோர் பதினாறு பேரே. முதியவர் ஒருவர் அமர்ந்தால் இளைஞர் ஒருவர் வீட்டிலிருக்க வேண்டும். மேலும், தன்ராஜின் செல்வம் வேகம். வயது முதலில் கேட்டு வாங்கிக்கொள்வதும் அதைத்தான்.

ஆயினும் வயதை மட்டும் எண்ணுவது நியாயமாகாது. 2002-இல் கொலோன் நகரில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. 2003 செப்டம்பரில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று இந்தியா முதன்முறையாக ஆசியக் கோப்பையைப் பெற்றதும் அவர் தலைமையில்தான். அவரோடு ஆடியவர்கள் அந்த ஹோபர்ட் இளைஞர்களே! மூத்தவர் நின்றதால் இளையவர் குன்றினர் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே வைத்துக்கொண்டது சரி என்றே நாம் கூறுவோம். பிழை அதற்குப் பின் நேர்ந்தது. ஹாக்கியில் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். களைத்த கால்களுக்கு ஓய்வளித்து, தக்க தருணத்தில் பத்து நிமிடம் இறக்கிவிடும் வசதி உண்டு. அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களே இருந்தபோது பயிற்சியாளர் மாற்றப்பட்டு, ஜெர்மனியின் கெர்ஹார்ட் ராக் வந்தார். ஏதென்ஸில் தன்ராஜ் ஆடிய நேரம் சொற்பம். இந்தியா சிட்னியில் பெற்ற அதே ஏழாம் இடத்தைப் பெற்றது.

நாம் பணிபுரியும் ரயில்வே அலுவலகத்தில், ஓய்வு பெறவிருக்கும் குமாஸ்தாவைப் புதியவர் அருகில் உட்கார வைப்பதுண்டு. பேரேட்டையும் அவர் கையில் கொடுத்துத்தான் உட்கார வைப்பார்கள். தன்ராஜுக்கு நாற்காலி மட்டும் கிடைத்தது. 1998-இல் பாங்காக்கில், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற தலைவராகத் திரும்பியவுடன் மற்றும் சில மூத்தவர்களோடு நீக்கப்பட்டாரே, அப்போது அதுவும் கிடைக்கவில்லை!

அவர் ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் 339. அடித்த கோல்கள் எத்தனை என்று பிள்ளைகள் கேட்டால், ஏறத்தாழ நூற்றெழுபது என்று மதிப்பாகத்தான் சொல்ல முடிகிறது. முறையான கணக்கு வைக்கப்படவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இந்தக் குறைதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.